முப்பத்தெட்டுச் செத்த பற்றரிகள்

குற்றப்பத்திரத்தில் ஒரே ஒரு வசனம்தான் இருந்தது. தடைசெய்யப்பட்ட பொருளாகிய உலர் மின்கலங்கள் முப்பத்தெட்டை, உரிய அனுமதியின்றி, அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத பகுதிக்குக் கொண்டுசெல்ல முயன்றமை. 1990களின் பிற்பகுதியில் திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் இதுபோன்ற வழக்குகள் அடிக்கடி வரும். எதிரிகளில் பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டப்பணத்தைக் கட்டிவிட்டுக் கடைசிப் படகைப் பிடிக்க ஓடுவார்கள். வழக்காடினால் தவணை தவணையாகப் பட்டணத்துக்கு வரவேண்டும், ஒவ்வொரு தவணைக்கும் இரண்டு நாள் கூலி போகும் என்று அவர்களுக்குத் தெரியும். இந்த மனிதர் மட்டும் ஒப்புக்கொள்ள மறுத்தார். அவருக்காகத் தோன்றிய மூத்த சட்டத்தரணியிடம் நான் அப்போது கனிஷ்டராக இருந்தேன். நான் பேசாமல் இருந்து பார்த்த வழக்குகளில் இன்றும் என் மனத்தை விட்டுப் போகாதது இது.

அந்தக் காலத்துச் சட்டம் எப்படி இருந்தது என்பதை முதலில் சொல்லவேண்டும். 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், அவசரகால நிலை நடைமுறையில் இருக்கும்போது ஒழுங்குவிதிகளை ஆக்கும் அதிகாரத்தைச் சனாதிபதிக்குக் கொடுக்கிறது. 1990 யூனில் போர் மறுபடியும் தொடங்கிய பின்னர், வடக்குக்குச் சில பொருள்கள் போகக்கூடாது என்ற தடை அந்த வழியாகத்தான் வந்தது. எரிபொருள், சீமெந்து, உரம், மெழுகுதிரி, பற்றரி என்று நீண்ட அந்தப் பட்டியல், நடைமுறையில் கிழக்கிலும் விடுதலைப் புலிகளின் கையிலிருந்த ஊர்களுக்குப் போகும் பாதைகளில் இறுக்கமாகப் பார்க்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டதும், ஜாம் போத்தலில் ஒரு சொட்டு மண்ணெண்ணெயை விட்டுத் திரி கொளுத்திப் பிள்ளைகள் படித்ததும் அந்தப் பட்டியலால்தான். தடைக்குப் பின்னால் இருந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். கண்ணிவெடியை வெடிக்கவைக்க மின்சாரம் வேண்டும், அதற்குச் சிறிய பற்றரியே போதும். ஆனால் பட்டியல் எழுதியவர்கள் ‘பற்றரி’ என்று மட்டும் எழுதினார்கள். எந்த அளவு, எந்த நிலை, எந்தத் தேவை என்று எழுதவில்லை. எழுதாமல் விட்ட அந்த இடத்தில்தான் இந்த வழக்கு நின்றது.

எதிரி மூதூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் தொண்டர் ஆசிரியர். சம்பளம் என்று சொல்லத்தக்க எதுவுமில்லாமல், என்றோ ஒருநாள் நிரந்தர நியமனம் வரும் என்ற நம்பிக்கையில் படிப்பித்த நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவர். அவருடைய பாடசாலையில் கரும்பலகைகள் வெளுத்துப்போயிருந்தன. பூச மையில்லை. பழைய பற்றரியை உடைத்து உள்ளேயிருக்கும் கரியை அரைத்து, இலைச்சாற்றில் குழைத்துப் பலகைக்குப் பூசுவது நம் நாட்டுப்புறப் பாடசாலைகளில் பழைய வழக்கம். எனவே அவர் பட்டணத்துக் கடைகளில் எறிவதற்கு வைத்திருந்த பெரிய ரோச் பற்றரிகளைக் கேட்டுவாங்கி ஒரு சீலைப்பையில் சேர்த்துக்கொண்டு, கொட்டியாரக் குடாவைக் கடக்கும் படகுக்காகத் துறையடிக்கு வந்தார். சோதனைச் சாவடியில் பை பிடிபட்டது. கடமையில் இருந்தவர் இரண்டு பற்றரிகளை எடுத்துத் தன் ரோச்சில் போட்டார். ரோச் எரிந்தது.

அது மட்டும் என்றால் பறிமுதல் செய்து அனுப்பியிருக்கவும் கூடும். பையின் அடியில் பத்திரிகைத் தாளில் மடித்த பொட்டலம் ஒன்றும் இருந்தது, அதற்குள் கறுப்புத் தூள். துறையடியில் அந்தக் காலத்தில் கறுப்புத் தூள் என்றால் என்ன நினைப்பார்கள் என்று நான் விளக்கத் தேவையில்லை. வெடிமருந்து என்ற சந்தேகத்தில் முதல் அறிக்கை நீதிமன்றத்துக்குப் போனது, ஆசிரியர் விளக்கமறியலுக்குப் போனார். தூளும் பற்றரிகளும் முத்திரையிடப்பட்டுக் கொழும்புக்கு அரச பகுப்பாய்வாளரிடம் போயின. அறிக்கை வர மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. தூள் மங்கனீசீரொட்சைட்டும் கரியும் கலந்தது, வெடிபொருள் அல்ல என்று அறிக்கை தெளிவாகச் சொன்னது. வெடிமருந்துச் சந்தேகம் கைவிடப்பட்டது, ஆசிரியர் பிணையில் வந்தார். பற்றரிக் குற்றச்சாட்டு மட்டும் நின்றது. அதற்கு ஆதாரமாக அறிக்கையின் இரண்டாவது பந்தி இருந்தது. சோதித்த மின்கலங்களின் அழுத்தம் ஏறத்தாழ 1.2 வோல்ற் என்று அதில் எழுதியிருந்தது.

வழக்குத் தொடுநர் தரப்பு இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது. புதிய பற்றரி 1.5 வோல்ற், இது 1.2 வோல்ற். ஐந்தில் நான்கு பங்கு இன்னும் மிச்சம். நூற்றுக்கு எண்பது உயிரோடு இருக்கும் பொருளைச் செத்தது என்று எப்படிச் சொல்லலாம்? இதோடு ரோச் எரிந்ததற்குக் கண்கண்ட சாட்சியும் உண்டு. கேட்பவருக்கு மறுக்கமுடியாததாகத் தோன்றும் வாதம் அது. எனக்கே அன்று அப்படித்தான் தோன்றியது. அந்த வாதத்தின் பிழை கணக்கில் இருந்தது. சட்டம் படித்தவர்கள் மட்டும் இருந்து பேசும் அறையில் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க ஆள் இருக்கவில்லை.

என் மூத்தவர் பட்டணத்தில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்த ஓர் ஆசிரியரிடம் போனார். சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விஞ்ஞானம் சார்ந்த விடயத்தில் விசேட தேர்ச்சியுள்ளவரின் அபிப்பிராயத்தை ஏற்க இடம்கொடுக்கிறது. அதற்குப் பேராசிரியர் பட்டம் வேண்டும் என்று அது சொல்லவில்லை. அந்த மாஸ்ரர் எங்கள் அலுவலகத்தில் ஒரு மாலை முழுவதும் இருந்து, ஒரு பற்றரியை வாளால் அரிந்து மேசைமேல் பிரித்துக் காட்டினார். வெளியே தெரியும் நாகக் கோதுதான் மறைமுனை. அது சிறிதுசிறிதாகக் கரைந்து மின்னைத் தருகிறது. நடுவில் கரிக்கோல், அதைச் சுற்றி மங்கனீசீரொட்சைட்டும் கரித்தூளும், இடையில் அமோனியம் குளோரைட்டுப் பசை. 1866இல் ஜோர்ஜ் லெக்லாஞ்சே போத்தலில் ஈரமாகச் செய்த கலத்தை, 1880களில் கார்ல் காஸ்னர் சிந்தாத பசையாக்கி அடைத்தார். அந்த அமைப்புத்தான் நூறு வருடம் கழித்து நம்மூர்க் கடைகளில் ரோச் பற்றரியாக விற்கப்பட்டது.

பிறகு அவர் விடயத்துக்கு வந்தார். கலத்தின் அழுத்தம் அதற்குள் எவ்வளவு சரக்கு மிச்சம் என்பதைச் சொல்லாது. உள்ளே கரைந்திருக்கும் பொருள்களின் செறிவோடு அது தொடர்புடையது, ஆனால் நேர்விகிதத்தில் அல்ல, மடக்கையில். 1889இல் வால்டர் நெர்ன்ஸ்ட் என்ற ஜேர்மன் விஞ்ஞானி எழுதிய சமன்பாடு இதைத்தான் சொல்கிறது. நாக அயன்களின் செறிவு பத்து மடங்கு கூடினால் அந்தப் பக்கத்தின் அழுத்தம் ஏறத்தாழ 0.03 வோல்ற் மட்டும் குறையும். நூறு மடங்கு கூடினாலும் 0.06 வோல்ற்தான். கரிப்பக்கத்தில் ஐதரசன் அயன் பத்திலொரு பங்காகச் சுருங்கினால் மேலும் ஒரு 0.06 போகும். மங்கனீசீரொட்சைட்டு ஒடுக்கப்பட்டுக்கொண்டுவரும்போது அங்கேயும் அழுத்தம் மெல்லமெல்லச் சரியும். ஆக, 1.5இலிருந்து 1.2க்கு இறங்கிய அந்த 0.3 வோல்ற், கணக்குத் தெரியாதவருக்கு ஐந்திலொரு பங்கு குறைந்ததாகத் தெரியும். தெரிந்தவருக்கு அது அந்தப் பற்றரி தன் உழைப்பை முடித்துவிட்டு நிற்கும் இடம். இந்த வகைப் பற்றரி ஒரு வோல்ற்றுக்குக் கீழே இறங்கிப் பூச்சியத்துக்கு வந்தபிறகுதான் சாகும் என்றில்லை. வேலை கொடுக்காமல் வைத்து அளந்தால், பயனற்ற பற்றரியும் ஒரு வோல்ற்றுக்கு மேலே காட்டும்.

“அப்ப ரோச் ஏன் மாஸ்ரர் எரிஞ்சது?” என்று மூத்தவர் கேட்டார். வழக்கின் முடிச்சு அதுதான். ஆய்வறிக்கையின் எண்ணை விளக்கிவிடலாம், எரிந்த விளக்கை எப்படி விளக்குவது?

மாஸ்ரர் சொன்ன பதில் செறிவையும் வெப்பத்தையும் ஒன்றாகச் சேர்த்தது. பற்றரி வேலை செய்யும்போது நாகக் கோதின் ஓரத்தில் நாக அயன்கள் தேங்கும், கரிப்பக்கத்தில் காரத்தன்மை தேங்கும். இந்தத் தேக்கம்தான் பழைய பற்றரியை உடனடியாக மங்கவைப்பது. பல நாள் சும்மா கிடந்தால் தேங்கியவை பசைக்குள் மெல்லப் பரவி, ஓரங்கள் கொஞ்சம் தெளியும். கோடையில் இறைத்து வற்றிய கிணறு இரவு முழுவதும் ஊறி விடிய ஒரு முழம் தண்ணீர் காட்டுவதுபோலத்தான். இரண்டு வாளி அள்ளினால் மறுபடியும் சேறு. வெப்பம் அந்தப் பரவுதலை விரைவாக்கும், பசைக்குள் அயன்கள் நகர்வதை இலகுவாக்கும், அதனால் உள்தடை குறையும். இங்கே அவர் ஒரு கவனமான வேறுபாட்டைக் காட்டினார். வெப்பம் அழுத்தத்தை அதிகம் கூட்டிவிடுவதில்லை. கரிப்பக்கத்தில் பத்து மடங்கு செறிவுக்கு 30 பாகை செல்சியசில் 60 மில்லிவோல்ற் என்று வரும் கணக்கு 50 பாகையில் 64 என்று வரும், அவ்வளவுதான் மாற்றம். மாறுவது அழுத்தமல்ல, மின்னோட்டத்துக்கு உள்ளே இருக்கும் வழி. எனவே வெயிலில் சூடேறிய செத்த பற்றரி சிறிது நேரம் விளக்கை எரியவைக்கும், அதன் பின் அடங்கிவிடும். இதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் எழுதுவினைஞர், தன் ஊரில் செய்திக்கு முன்னால் எல்லோரும் பற்றரியைக் கூரைத் தகரத்தில் காயவைப்பதாகச் சொன்னார். நெர்ன்ஸ்டைத் தெரியாத சனத்துக்கும் வெயிலின் பலன் தெரிந்திருந்தது. தடையின் கீழ் வாழ்ந்தவர்கள் கைப்பழக்கத்தில் கற்றது அது.

குறுக்கு விசாரணை நீண்டதல்ல. மூத்தவர் குரல் உயர்த்தாமல் கேட்டார்.

“எத்தனை பற்றரியை ரோச்சில் போட்டுப் பார்த்தீர்கள்?”

“இரண்டு.”

“மற்ற முப்பத்தாறும்?”

“பார்க்கவில்லை.”

“பை அதுவரை எங்கே இருந்தது?”

“சோதனை மேசையில்.”

“மேசையின் மேற்பரப்பு எதனால் ஆனது?”

“தகரம்.”

“நிழலா, வெயிலா?”

“வெயில்.”

“நேரம்?”

“பதினொன்றரை இருக்கும்.”

“ரோச்சை எவ்வளவு நேரம் எரியவிட்டீர்கள்?”

“எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்தது. அணைத்துவிட்டேன்.”

அவர் உண்மையைத்தான் சொன்னார். பொய்ச்சாட்சி சொன்னார் என்று நாங்கள் ஒருபோதும் வாதிடவில்லை. அவருக்கு இடப்பட்ட கடமை எரிகிறதா இல்லையா என்று பார்ப்பது. எவ்வளவு நேரம் எரியும் என்று பார்க்கும்படி எந்தச் சுற்றறிக்கையும் அவரிடம் கேட்கவில்லை. பகுப்பாய்வாளரும் அப்படியே. அழுத்தம் எவ்வளவு என்று கேட்கப்பட்டது, எவ்வளவு என்று அளந்து எழுதினார். இரண்டு சரியான பதில்களைச் சேர்த்து ஒரு பிழையான முடிவு கட்டப்பட்டிருந்தது. நீதிமன்றங்களில் நான் பின்னர் கண்ட அநீதிகள் பலவும் இப்படித்தான் உண்டாயின, பொய்யால் உண்டானவை குறைவு.

மாஸ்ரர் சாட்சிக் கூண்டில் ஏறியபோது, நீதவான் முன்னிலையில் ஒரு சோதனை செய்துகாட்ட அனுமதி கேட்டோம். மறுதரப்பும் ஆட்சேபிக்கவில்லை. முத்திரையிட்ட பையை நீதவானே திறப்பித்து, தான் விரும்பிய இரண்டை எடுத்துக் கொடுத்தார். பல பற்றரிகளில் கோது அரித்துப் பசை கசிந்திருந்தது. மாஸ்ரர் முதலில் வோல்ற்றுமானியை மட்டும் தொடுத்தார். ஒவ்வொன்றும் ஒரு வோல்ற்றுக்குச் சற்று மேலே காட்டியது. பின்னர் இரண்டையும் ஒரு சிறிய ரோச் பல்ப்புடன் இணைத்தார். இழை செந்நிறமாகத் தெரிந்தது. முள் இறங்கத் தொடங்கியது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே இழை மங்கி அணைந்தது. இணைப்பை எடுத்ததும் முள் தயங்கித் தயங்கி மறுபடியும் மேலே ஏறியது. நீதவான் முன்னால் சாய்ந்து அந்த முள்ளைப் பார்த்தார். மறுபடியும் இணைக்கச் சொன்னார். மறுபடியும் இறங்கியது.

வழக்குத் தொடுநர் தரப்பில் தோன்றியவர் கெட்டிக்காரர். அவர் சரியான இடத்தில் தொட்டார். ஒரு பற்றரி பலவீனம்தான், ஆனால் முப்பத்தெட்டையும் இணைத்தால் என்ன? ஒரு டெற்றனேற்றருக்கு ஒரு கணப்பொழுது மின்னோட்டம் போதாதா? மாஸ்ரர் கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்னார். ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் அழுத்தம் கூடும், அதேயளவுக்கு உள்தடையும் கூடும், எனவே கிடைக்கக்கூடிய உச்ச மின்னோட்டம் கூடாது. பக்கம்பக்கமாக இணைத்தால் கூடும். எவ்வளவு நேரத்துக்கு என்று சொல்லமுடியாது. ஆம், அது முடியாத காரியமல்ல. எங்கள் மேசையில் ஒரு கணம் யாரும் மூச்சுவிடவில்லை. எங்களுக்குப் பாதகமான அந்த விடையை அவர் மறைத்திருந்தால் நீதவான் மற்ற விடைகளையும் நம்பியிருக்கமாட்டார் என்று பிறகு மூத்தவர் என்னிடம் சொன்னார். இன்றும் நிபுணத்துவச் சாட்சிகளைத் தெரிவுசெய்யும்போது நான் பார்ப்பது இதைத்தான். தனக்கு வேண்டியவருக்கு எதிராகவும் உண்மை சொல்லக்கூடியவரா?

ஆனால் அந்த விடை வழக்கை வேறு தளத்துக்குக் கொண்டுபோய்விட்டது. பற்றரி எரியுமா என்ற கேள்வி போய், அதை ஏன் கொண்டுபோனார் என்ற கேள்வி முன்னால் வந்தது. இங்கேதான் மூத்தவரின் கூர்மை வெளிப்பட்டது. கைவிடப்பட்ட கறுப்புத் தூளை அவர் மறுபடியும் மேசைக்குக் கொண்டுவந்தார். அந்தத் தூள் பற்றரியின் உள்ளீடு என்று அரச பகுப்பாய்வாளரே சொல்லிவிட்டார். அப்படியானால் எதிரி துறையடிக்கு வருமுன்பே சில பற்றரிகளை உடைத்திருக்கிறார். பற்றரியை மின்சாரத்துக்காகக் கடத்துகிறவன் அதை உடைப்பானா? உடைத்த பற்றரி எந்தக் கண்ணிவெடிக்கும் உதவாது. கரி வேண்டியவன்தான் உடைப்பான், பாரம் குறையட்டும் என்று. எதிரியை மூன்று மாதம் மறியலில் வைத்த அதே பொட்டலம் அவருடைய நோக்கத்துக்கு ஒரே நடுநிலைச் சாட்சியாக நின்றது. வழக்குத் தொடுநர் தரப்பு தனக்குப் பயனில்லை என்று ஒதுக்கியதாலேயே அதைக் குறுக்கே நின்று மறுக்கவும் அவர்களால் முடியவில்லை.

எதிரி கூண்டில் சொன்னது மிகச் சுருக்கம். “ஐயா, உதுக்குள்ளை கரண்ட் இருக்கெண்டு நான் நினைக்கேல்லை. பிள்ளையளுக்கு எழுதினது தெரியேல்லை. கரிக்குத்தான் கொண்டுபோனனான்.” பாடசாலை அதிபரின் கடிதம் ஒன்றும் இணைக்கப்பட்டது. கரும்பலகைகள் பயன்படுத்த முடியாத நிலையில் உள்ளன என்று அதில் இருந்தது.

தீர்ப்பை நீதவான் எழுதிவந்து வாசித்தார். தண்டனை விதிக்கும் ஒழுங்குவிதியில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் கொள்ளமுடியுமானால், எதிரிக்குச் சாதகமானதையே நீதிமன்றம் கொள்ளவேண்டும் என்பது பழைய கோட்பாடு. பற்றரி என்பது மின்சாரம் தரும் பொருளாக இருப்பதனால்தான் தடைசெய்யப்பட்டது. தொடர்ந்து மின்சாரம் தராத ஒன்றை, மின்சாரத்துக்காக அல்லாமல் கொண்டுபோனவர், தடையின் நோக்கத்துக்குள் வருகிறாரா என்பதில் நியாயமான ஐயம் உள்ளது. அந்த ஐயத்தின் பயன் எதிரிக்கே. விடுதலை. பற்றரிகளைத் திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட முடியாது என்றும் அவர் சொன்னார். அவற்றைக் கொண்டுபோக அனுமதி கொடுக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடம் இருக்கவில்லை.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு, அதைச் சொல்லாமல் விடமுடியாது. தீர்ப்பு எதிரியை விடுவித்தது, பட்டியலைத் தொடவில்லை. நீதவான் நீதிமன்றத் தீர்ப்பு வேறு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்பதால், அடுத்த வாரம் அதே துறையடியில் அதே பொருளோடு பிடிபட்ட ஒருவருக்கு அது எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை. பிடிபட்டவர்கள் வழக்கம்போல ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு ஒரு வோல்ற்றுமானியும் ஒரு மாஸ்ரரும் கிடைத்திருப்பார்கள்? குற்றத்தை நிரூபிக்கும் சுமை அரசுடையது என்று நாங்கள் நீதிமன்றத்தில் சொல்லிக்கொள்கிறோம். ஓர் எண் அறிக்கையில் ஏறிவிட்டால், அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று காட்டும் சுமை நடைமுறையில் ஏழை எதிரியின் தலையில் விழுகிறது.

அந்த ஆசிரியர் மறியலில் இருந்த மாதங்களில் தொண்டர் ஆசிரியர்களுக்கான நேர்முகத்தேர்வு நடந்து முடிந்தது. விடுதலைக் கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதியோடு அவர் போய்க் கேட்டபோது, விண்ணப்பதாரர் தோற்றவில்லை என்பதே கோவையில் இருக்கிறது என்றார்கள். தோற்றாத காரணத்தை எழுத அந்தப் படிவத்தில் இடமிருக்கவில்லை. அடுத்த நியமனத்துக்கு அவர் பல வருடம் காத்திருந்தார்.

2002 பெப்ரவரி 22ஆம் திகதி நோர்வேயின் அனுசரணையோடு அரசும் விடுதலைப் புலிகளும் யுத்தநிறுத்த உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. இராணுவத் தேவைக்கல்லாத பொருள்கள் தடையின்றிப் போகலாம் என்று அது சொன்னது. விதிவிலக்கான பொருள்களைப் பின்னிணைப்பில் பட்டியலிட்டார்கள். வெடிபொருள், முட்கம்பி, தொலைநோக்கி, திசைகாட்டி ஆகியவற்றோடு பென்லைற் பற்றரியும் அதில் இருந்தது. புதியதா, தீர்ந்ததா என்று அங்கும் எழுதப்படவில்லை.